மூன்றாவது தடவைதான் விழிக்கும் கம்ப்யூட்டர்

காலை 6½ மணி. வாஷி ரெயில் நிலையத்தை நோக்கி ஆட்டோக்கள் பறந்து கொண்டிருக்கின்றன. ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், கல்லூரி மாணவன் ஒருவன் மேஜை முன் உட்கார்ந்து, பக்கவாட்டில் கண்ணாடி பதித்த கறுப்புப் பெட்டியின் பொத்தானை அழுத்துகிறான்.

உள்ளே விசிறிகள் சுழல்கின்றன. சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஒளிர்கின்றன. திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. சில வினாடிகளில் விசிறிகள் தாமாகவே நின்று விடுகின்றன. மறுபடி சுழல்கின்றன. மறுபடி நிற்கின்றன.

"என்னடா, வண்டி இன்னைக்குக் கிளம்புமா?" செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து அப்பாவின் குரல் வருகிறது.

அவர் ஒரு காலத்தில் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் வைத்திருந்தவர். தினமும் காலையில் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, நாலு உதை உதைத்துக் கிளப்பியவர். ஆகையால் கேலி சுலபமாக வருகிறது. ஆனால் இது 82 ஆயிரம் ரூபாய் போட்டவரின் கேலி.

இந்த வீடு எது என்று தேட வேண்டாம். வாஷியிலும், நெரூலிலும், செம்பூரிலும், மாட்டுங்காவிலும் இப்படிப் பல வீடுகள் உண்டு. முழுக் கம்ப்யூட்டராகக் கடையில் வாங்காமல், ஒவ்வொரு உறுப்பாக வாங்கி வந்து வீட்டிலேயே பூட்டிக் கொள்வதில் இன்றைய இளைஞர்களுக்கு ஒரு மோகம். 'கேம்' விளையாடுவதற்கு என்று ஆரம்பித்தாலும், கல்லூரி வேலை, வீடியோ வேலை எல்லாம் அதில்தான் நடக்கிறது.

நமது மாணவன் விஷயத்தில், பணத்தில் பாதி அப்பாவின் போனஸ். மீதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து அவனே சேர்த்தது. "ரெடிமேடா ஒரு லேப்டாப் வாங்கு. கெட்டுப் போனா கம்பெனிக்காரன் பார்த்துக்குவான்" என்று அப்பா சொன்னார். "இல்லப்பா, நானே கட்டுறேன்" என்று இவன் சொன்னான். கட்டினான். ஆறு மாதம் நன்றாகவே ஓடியது. பிறகுதான் இந்த அடம் தொடங்கியது. யந்திரம் கிளம்பாத ஒவ்வொரு காலையிலும் குற்றவாளிக் கூண்டில் நின்றவன் அவன்தான்.

கடைக்குப் போனால் நோய் இல்லை

முழுதாகச் செத்துப் போன யந்திரத்தைப் பழுது பார்ப்பது சுலபம். ஒவ்வொரு உறுப்பாக மாற்றிப் பார்க்கலாம். எதை மாற்றியதும் உயிர் வந்ததோ அதுதான் குற்றவாளி. ஆனால் ஒரு நாள் ஓடி, ஒரு நாள் முரண்டு பிடிக்கும் யந்திரம் மெக்கானிக்கின் பொறுமையைச் சோதித்து விடும். உறுப்பை மாற்றிய பிறகு கிளம்பினால், மாற்றியதால் கிளம்பியதா, அல்லது அன்று எப்படியும் கிளம்பி இருக்குமா என்பதை யார் சொல்ல முடியும்?

டாக்டர் வீட்டு வாசற்படியை மிதித்ததும் குழந்தையின் வயிற்று வலி போய் விடுவது போன்றதுதான் இதுவும். மாணவன் அந்தக் கனத்த பெட்டியைத் தூக்கிக் கொண்டு லாமிங்டன் ரோட்டுக்குப் போனான். வாஷியில் ஹார்பர் லயனில் ஏறி குர்லாவில் இறங்கி, வண்டி மாறி தாதர், மறுபடி மாறி கிராண்ட் ரோடு. டாக்டர் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாறி எத்தனையோ காலம் ஆகியும், ரேடியோ காலத்தில் இருந்து எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்குப் பெயர் போன அந்தத் தெருவை மும்பைவாசிகள் இன்னும் லாமிங்டன் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். சென்னையின் ரிச்சி தெரு போல.

கடையில் பொத்தானை அழுத்தினார்கள். ஒரே அழுத்தில் கிளம்பியது. பத்து தடவை அழுத்தினார்கள். பத்து தடவையும் கிளம்பியது!

ஒரு கடைக்காரர், 'ரேம் போய் இருக்கும்' என்றார். அடுத்தவர், 'மதர்போர்டுதான், சந்தேகமே இல்லை' என்றார். மூன்றாமவர் எஸ்.எம்.பி.எஸ். மீது பழி போட்டார். ஒவ்வொருவரும் சொன்னது நடக்கக் கூடியதே. ஆனால் மூன்றையும் வாங்கினால் கம்ப்யூட்டரின் பாதி விலை போய் விடும். மெமரி விலையோ, 2025-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஏ.ஐ. கம்பெனிகளின் தேவையால் கிடுகிடு என்று ஏறிய ஒன்று. 'வாங்கித்தான் பார்ப்போமே' என்று பரீட்சை செய்யக் கூடிய சாமான் அல்ல.

மாத முடிவு வரை பார்ப்பது, அதற்குள் சரியாகாவிட்டால் 12 ஆயிரம் ரூபாய்க்குப் புது மதர்போர்டு, அதிலும் சரிப்படாவிட்டால் வந்த விலைக்குத் தள்ளி விடுவது. வீட்டில் இப்படித் தீர்ப்பு ஆயிற்று.

எதிர் வீட்டு மாமா

இந்த நேரத்தில் எதிர் வீட்டுப் பெரியவர் தலையிட்டார். டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் எலெக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செம்பூர், அணுசக்தி நகர் பக்கம் பல ஆண்டுகள் இருந்து விட்டு, கழிமுகத்தைத் தாண்டி வாஷியில் குடியேறிய தமிழர்களில் ஒருவர்.

"தம்பி, எதையும் வாங்காதே. முதல்ல ஒரு நோட்டு எடு" என்றார்.

"நோட்டு எதுக்கு மாமா?"

"இது கிளம்பாத அன்னைக்கு என்ன நடந்துதுன்னு உனக்குச் சரியாத் தெரியுமா? மழை பேஞ்சுதா? ராத்திரி சுவரு சுவிட்சை அணைச்சியா? எத்தனாவது தடவை கிளம்புச்சு? எழுதி வச்சாத்தான் தெரியும்."

பம்பாயில் கையால் கம்ப்யூட்டர் கட்டியவர்கள் முன்பும் உண்டு. கொலாபாவில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் 1950-களின் நடுவில் ஒரு குழு அந்த வேலையில் இறங்கியது. அதற்குத் தலைமை வகித்தவர் ஆர்.நரசிம்மன். 1926-ல் சென்னையில் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். 1956-ல் ஒரு சிறிய மாதிரி யந்திரம் ஓடியது. முழு யந்திரம் 1960-ல் முறைப்படி வேலைக்கு வந்தது. 1962-ல் அதற்கு 'டிப்ராக்' என்று பெயர் சூட்டியவர் பிரதமர் நேரு.

அதன் உள்ளே சுமார் 2,700 வால்வுகள், 1,700 டயோடுகள், 12,500 ரெசிஸ்டர்கள் இருந்தன. நினைவகத்தில் 40 பிட் கொண்ட 2,048 சொற்கள் அடங்கும். இன்றைய கணக்கில் 10 கிலோ பைட். நமது மாணவனின் பெட்டியில் இருப்பது 16 ஜி.பி.; அதாவது 16 லட்சம் மடங்குக்கும் மேல்!

வால்வுக் கம்ப்யூட்டர்களில் உயிரை வாங்கியது, பட்டென்று எரிந்து போகும் வால்வு அல்ல. அதைக் கண்டால் மாற்றி விடலாம். பாதி உயிரோடு, ஒரு நேரம் வேலை செய்து ஒரு நேரம் தவறிப் போகும் வால்வுதான் தொல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் கட்டப்பட்டு 1951-ல் ஓடத் தொடங்கிய 'வேர்ல்விண்ட்' கம்ப்யூட்டரில் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். வேலை தொடங்கு முன், மின் அழுத்தத்தை வேண்டும் என்றே சற்று ஏற்றி இறக்குவார்கள். நல்ல வால்வு அதைத் தாங்கிக் கொள்ளும். சாகக் கிடக்கும் வால்வு உடனே தவறு செய்து, தானே காட்டிக் கொடுத்து விடும். ஒளிந்திருக்கும் நோயை மறைவிடத்தில் இருந்து கிளப்பி வெளியே கொண்டு வருகிற வேலை இது.

மாமா சொல்லிக் கொடுத்ததும் ஏறக்குறைய இதைத்தான்.

பொத்தானை அழுத்தியதும்...

அதற்கு முன், பொத்தானை அழுத்தியவுடன் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ். என்னும் உலோகப் பெட்டி. கம்ப்யூட்டர் 'ஆப்' ஆகி இருக்கும்போதுகூட அது 5 வோல்ட்டை மதர்போர்டுக்கு அனுப்பிக் கொண்டுதான் இருக்கும். (ஆகையால், உள்ளே கை வைக்கு முன் சுவர் சுவிட்சை அணைத்து, பொத்தானை ஒரு தடவை அழுத்தி மிச்சம் இருக்கும் மின்சாரத்தையும் வடிய விட வேண்டும்.) பொத்தானை அழுத்தியதும் மற்ற வோல்ட்டுகளும் எழும்புகின்றன. அவை நிதானப்பட்டதும், 'பவர் குட்' என்று ஒரு சைகையை எஸ்.எம்.பி.எஸ். அனுப்புகிறது. ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கில் இருந்து அரை வினாடிக்குள் இது நடந்தாக வேண்டும். 12 வோல்ட் என்றால் 11.4-க்குக் கீழேயும் போகக் கூடாது, 12.6-க்கு மேலேயும் போகக் கூடாது. அந்தச் சைகை வந்த பிறகுதான் பிராசசர் கண் விழிக்கிறது.

பிறகு மதர்போர்டு தன் உறுப்புகளை எண்ணிப் பார்க்கிறது. 1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்த நாள் முதல் இந்த வழக்கம் உண்டு. அந்தக் காலத்தில் 'பீப்' என்று ஒரு சத்தம் வந்தால் எல்லாம் நலம். இப்போது பல போர்டுகளில் சத்தத்துக்குப் பதில் நான்கு சின்ன விளக்குகள்: பிராசசர், மெமரி, படம், டிஸ்க். எந்த இடத்தில் தடுக்குகிறதோ அந்த விளக்கு எரிந்தபடி நிற்கும். வண்ண விளக்குகளுக்கு ஆசைப்பட்டுப் போர்டு வாங்கும் பிள்ளைகள், இந்த நாலு விளக்கு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

இதற்கு நடுவே முக்கியமான ஒரு சடங்கு இருக்கிறது. மதர்போர்டும் மெமரியும் ஒன்றுக்கொன்று காலம் பார்த்துக் கொள்வது. வினாடிக்கு 300 கோடி தடவைக்கு மேல் செய்தி பரிமாற வேண்டிய இரண்டு உறுப்புகள், இம்மி பிசகாமல் சேர்ந்து அடிக்க வேண்டும் அல்லவா? சண்முகானந்தா ஹாலில் கச்சேரி தொடங்கு முன், மிருதங்க வித்வான் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். மிருதங்கத் தோல் ஈரத்துக்கும் வெயிலுக்கும் மாறுவது போல, இங்கேயும் சூடும் குளிர்ச்சியும் கணக்கை மாற்றும். இரவு முழுவதும் ஓய்ந்து கிடந்த யந்திரம் காலையில் முதல் தடவை சேர்க்கும் சுருதி ஒரு விதம். ஓடிச் சூடான யந்திரத்தை 'ரீஸ்டார்ட்' செய்யும்போது, பல போர்டுகள் பழைய கணக்கையே வைத்துக் கொண்டு போய் விடும்.

சுருதி சேராவிட்டால்? மதர்போர்டு தானே அணைந்து மறுபடி முயற்சி செய்யும். இரண்டு மூன்று தடவை தோற்றால், 'சரி, மெதுவாகவே வாசிப்போம்' என்று மெமரியின் வேகத்தைக் குறைத்துக் கொண்டு கிளம்பி விடும்.

மூன்றாவது தடவை மட்டும் உயிர் வந்ததன் சூட்சுமம் இங்கே இருந்தது. ஆனால் இதை அன்றே யாரும் கண்டு கொள்ளவில்லை. புதிய டி.டி.ஆர்.5 மெமரி போட்டவர்களுக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை: முதல் தடவை சுருதி சேர்க்க அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகும். கறுப்புத் திரையைப் பார்த்துப் பதறிப் போய் அணைத்து விட்டால், அது மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும். நோயே இல்லாத யந்திரத்தை நோயாளி என்று கடைக்குத் தூக்கிப் போனவர்கள் உண்டு.

சுள்ளென்று ஒரு ஷாக்

நோட்டு தொடங்கிய மூன்றாம் நாள், சோதனைக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று அகப்பட்டது. மேஜையைத் துடைத்த அம்மா, "அந்தப் பெட்டி மேல ஈரக் கை பட்டா சுள்ளுங்குது" என்றார். பல மாதமாகவே அப்படித்தானாம். யாரும் கேட்காததால் அவர் சொல்லவில்லை.

மாமா முகம் மாறினார். கம்ப்யூட்டர் செருகி இருந்த எக்ஸ்டென்ஷன் போர்டைக் கழற்றிப் பார்த்தார். மூன்று ஓட்டைகள் இருந்தன. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை! எஸ்.எம்.பி.எஸ்.சுக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறிய கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை கசிய விடும் துளி மின்சாரம் எர்த் கம்பி வழியாகப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால், பெட்டியின் தகடு சுமார் 115 வோல்ட்டில் மிதந்து கொண்டிருக்கும். கசிவு மிகச் சிறியது என்பதால் சுள்ளென்று குத்துவதோடு போகிறது. ஆனால் வேறு ஏதாவது பழுதாகி முழு மின்சாரமும் தகட்டில் ஏறும் நாளில், எர்த் இல்லாத வீட்டில் உயிருக்கு ஆபத்து. எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சுவர் பிளக்கிலும் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் மாமா. எக்ஸ்டென்ஷன் போர்டு அன்றே குப்பைக்குப் போனது.

கம்ப்யூட்டரின் அடம் அதனால் தீரவில்லை.

கழிமுகக் காற்று

அடுத்த சந்தேகம் வாஷியின் காற்று மீது விழுந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லி மீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர். பக்கத்திலேயே தாணா கழிமுகம். நாரைகள் வந்து இறங்கும் அந்தச் சேற்றில் இருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு எழுகிறது. பூஜை அறை வெள்ளிச் சாமான்களைக் கறுக்க வைக்கும் வாயு அதுதான். வெள்ளிக்கும் செம்புக்கும் அது ஜென்ம விரோதி.

இது வெறும் வீட்டுக் கதை அல்ல. 2006-ல் ஐரோப்பிய நாடுகள் எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களில் ஈயம் கூடாது என்று சட்டம் போட்ட பிறகு, போர்டுகளில் வெள்ளிப் பூச்சு பரவியது. காற்று கெட்ட ஊர்களில் அந்தப் போர்டுகள் சீக்கிரம் பழுதாவதைக் கம்பெனிகள் கண்டன. கம்ப்யூட்டர் கூடங்களின் காற்று, ஒரு மாதத்தில் வெள்ளித் தகட்டில் 200 ஆங்ஸ்ட்ராம் கனத்துக்கு மேல் கறை ஏற்றக் கூடாது என்று அமெரிக்கப் பொறியாளர் சங்கம் ஒன்று வரம்பு கட்டியது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டி மீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு!

ஆகவே மெமரி அட்டைகளைக் கழற்றி, பொன் பூசிய விளிம்பைத் துடைத்து மாட்டினான் மாணவன். கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். ஆபத்துக்குத் தோஷம் இல்லை. ஆனால் அடிக்கடி தேய்த்தால் அந்த மெல்லிய பொன் பூச்சு போய் விடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைப்பதே மேல். பிராசசருக்குப் போகும் 8 முள் இணைப்பையும், 24 முள் இணைப்பையும் 'கிளிக்' என்று சத்தம் வரும் வரை அழுத்தினான். போர்டுக்கு அடியில் தேவை இல்லாத பித்தளை முளை ஏதாவது இடிக்கிறதா என்று பார்க்க, முழுப் போர்டையும் வெளியே எடுத்து அட்டைப் பெட்டி மேல் வைத்து ஓட்டினான். மாத்திரை அளவில் இருக்கும் 3 வோல்ட் பேட்டரியையும் மாற்றினான். இது தீர்ந்தால் கடிகாரமும் அமைப்புகளும் மறந்து போகும். சில்லறைச் செலவுதான்.

இரண்டு நாள் சரியாகக் கிளம்பியது. வீட்டில் பாயசம் வைக்காத குறை. மூன்றாம் நாள் காலை, பழைய கதை.

இரவல் எஸ்.எம்.பி.எஸ்.

நோட்டில் இப்போது பதினோரு காலைகளின் கணக்கு இருந்தது. மாமா அதைப் படித்து விட்டு ஒன்று சொன்னார்: "பாரு, எல்லாமே காலையில முதல் தடவைதான். சாயங்காலம் ஒண்ணுகூட இல்ல. கடையில ஏன் கிளம்புச்சுன்னு இப்பப் புரியுதா?"

புரிந்தது. ரெயிலில் குலுங்கி, வெயிலில் சூடாகிப் போய்ச் சேர்ந்த பெட்டி அது. பத்து தடவை அழுத்தினாலும், அந்தப் பத்தில் ஒன்றுகூட உண்மையான சோதனை அல்ல.

இதில் இருந்து ஒரு சங்கடமும் பிறந்தது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும். அவசரப்பட்டு ஒன்றும் ஆகாது. இரவில் 'ஷட் டவுன்' செய்வதிலும் ஒரு பொடி உண்டு. 2012-ல் விண்டோஸ் 8 வந்த நாளில் இருந்து, சாதாரண 'ஷட் டவுன்' முழு உறக்கம் அல்ல. பாதி நினைவுகளை டிஸ்கில் பத்திரப்படுத்திக் கொண்டுதான் படுக்கிறது. ஷிப்ட் விசையை அழுத்திக் கொண்டு அணைத்தால்தான் முழுதாக அணையும்.

காலைக் குளிர்ச்சியில் கிளம்பாதது என்றால், எஸ்.எம்.பி.எஸ். மீது சந்தேகம் வருவது நியாயமே. அதன் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் வயதாக ஆகக் காய்ந்து போகும். 10 டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. தளர்ந்த கெப்பாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது மக்கர் செய்யும். இரண்டு தடவை அழுத்திச் சூடு ஏறியதும் சரியாகும். கிராபிக்ஸ் கார்டுக்கு 30 ஆயிரம் கொடுத்து விட்டு, எஸ்.எம்.பி.எஸ்.சைப் பழைய பெட்டியில் இருந்து கழற்றிப் போடும் பிள்ளைகளே அதிகம். இவனும் அந்தக் கட்சிதான்.

ஆனால் புதிதாக வாங்கவில்லை. சான்பாடாவில் உள்ள நண்பனின் எஸ்.எம்.பி.எஸ்.சை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி மாட்டினான். ஐந்தாம் நாள் காலை கம்ப்யூட்டர் மறுபடி அடம் பிடித்தது. பழைய எஸ்.எம்.பி.எஸ். நிரபராதி என்று நோட்டில் எழுதினான். (எஸ்.எம்.பி.எஸ்.சை மட்டும் யாரும் வீட்டில் திறக்கக் கூடாது. சுவரில் இருந்து பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.)

வேகத்தைக் குறைத்துப் பார்

மாத முடிவுக்குப் பத்து நாள்கூட இல்லை. அப்பா மதர்போர்டுக்கான 12 ஆயிரத்தை பாங்கில் இருந்து எடுத்தே வந்து விட்டார்.

"வால்வு காலத்துல வோல்ட்டை மாத்திப் போட்டுக் கஷ்டப்படுத்திப் பார்ப்பாங்க. நாம இப்ப கஷ்டத்தைக் குறைச்சுப் பார்ப்போம். மெமரி என்ன வேகத்துல ஓடுது?" என்று மாமா கேட்டார்.

3600, என்றான் மாணவன். பெருமையாகத்தான் சொன்னான். மெமரி பாக்கெட்டில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகம் அது. 'எக்ஸ்.எம்.பி.' என்ற ஒரு அமைப்பைப் பயாசில் திருப்பி விட்டால் அந்த வேகம் வரும். ஆனால் இவனுடைய ரைசன் 5000 வரிசை பிராசசருக்கு அதைச் செய்த கம்பெனியே ஒப்புக் கொண்ட உச்ச வேகம் 3200-தான். டி.டி.ஆர்.4 மெமரிக்கு முறையான தர அட்டவணையிலும் 3200-தான் மேல் வரம்பு. அதற்கு மேலே போவதெல்லாம் நம் சொந்தப் பொறுப்பு. பாக்கெட்டில் எழுதி இருப்பது வாக்குறுதி மாதிரித் தெரிந்தாலும், எல்லாப் போர்டிலும் நிறைவேறும் வாக்குறுதி அல்ல.

இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. இரண்டு மெமரி அட்டைகளையும் அவன் ஒன்றாக வாங்கவில்லை. முதலில் 8 ஜி.பி. வாங்கினான், ஆறு மாதம் கழித்து இன்னொரு 8 ஜி.பி. வாங்கினான். ஒரே கம்பெனி, ஒரே பெயர். ஆனால் அதே பெயரில் விற்றுக் கொண்டே உள்ளே இருக்கும் சில்லை மாற்றி விடுவது மெமரிக் கம்பெனிகளின் வழக்கம். ஜோடி என்று விற்பதை ஒன்றாகச் சோதித்து விற்கிறார்கள். தனித் தனியாக வாங்கியதற்கு அந்த உத்தரவாதம் இல்லை.

ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது, பிறகு அடம் பிடித்தது என்று அவன் சொன்னானே! இரண்டாவது அட்டையைப் போட்ட தேதியும் அடம் தொடங்கிய தேதியும் அடுத்தடுத்த வாரங்கள். நோட்டு அப்போதே இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

மூன்றாவது தவறு, அட்டைகளைச் செருகி இருந்த இடம். நான்கு பள்ளங்களில், பிராசசர் பக்கம் இருந்து எண்ணினால் முதலாவதிலும் மூன்றாவதிலும் செருகி இருந்தான். இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும் என்று போர்டோடு வந்த புத்தகத்தில் படம் போட்டே காட்டி இருக்கிறார்கள். கம்பித் தடத்தின் கடைசிப் பள்ளம் காலியாக இருந்தால், செய்தி அந்த நுனி வரை போய் முட்டித் திரும்பி வந்து எதிரொலிக்கும். குறைந்த வேகத்தில் பாதகம் இல்லை. 360 கோடி தடவை பேசும்போது அந்த எதிரொலி காதை அடைக்கும்.

இனி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாமாவின் கண்டிப்பான உத்தரவு இது. வேகத்தையும் பள்ளத்தையும் ஒன்றாக மாற்றினால், எது மருந்து என்று தெரியாமலே போகும்.

முதலில் பள்ளத்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் 2666-க்கு இறக்கினார்கள். நான்கு காலைகள், நான்கும் சரி. மறுபடி 3600-க்கு ஏற்றினார்கள். இரண்டாம் காலையே மக்கர்! 'நோய் திரும்பியது' என்று மகிழ்ச்சியோடு நோட்டில் எழுதியது அந்த வீட்டில் அநேகமாக அன்றுதான். நினைத்த நேரத்தில் வரவழைக்கவும் போக்கவும் முடிகிற நோய், பிடிபட்ட நோய். பெட்டிக்குள் மினுக்கிய நாலு விளக்கில் மெமரி விளக்கு நின்று எரிந்ததையும் அன்று கவனித்தார்கள்.

மாத முடிவு வந்தது. அப்பா நோட்டை வாங்கி, கண்ணாடி மாட்டிக் கொண்டு, முதல் பக்கத்தில் இருந்து படித்தார். "இன்னும் ரெண்டு வாரம் பாரு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து, அட்டைகளை இரண்டு, நான்காம் பள்ளங்களுக்கு மாற்றி, வேகத்தை 3600-லேயே விட்டார்கள். ஏழு காலைகளில் ஒரு தடவை மட்டும் தவறியது. பள்ளமும் ஒரு காரணம்தான். ஆனால் முழுக் காரணம் அல்ல. கடைசியாக அதே பள்ளங்களில் 3200. ஒவ்வொரு அட்டையையும் தனியாகப் போட்டு, 'மெம்டெஸ்ட்' என்ற இலவசச் சோதனையைப் பென் டிரைவில் இருந்து இரவு முழுவதும் ஓட்டியும் பார்த்தார்கள். இரண்டிலும் பிழை இல்லை. அட்டைகள் இரண்டும் நல்லவை. சேர்ந்து அந்த வேகத்தில் ஓட மட்டும் அவற்றால் முடியவில்லை.

3600-க்கும் 3200-க்கும் விளையாட்டில் தெரியும் வித்தியாசம் சொற்பம். நண்பர்களிடம் பீற்றிக் கொள்ள முடியாது என்பதுதான் நஷ்டம்.

அதன் பிறகு நோட்டில் தொடர்ந்து 21 காலைகளுக்கு எதிரே 'சரி' என்று எழுதி இருக்கிறது. அவற்றில் ஐந்து அம்மாவின் கையெழுத்தில் உள்ளன. பையன் எழுந்திருக்கு முன் அவரே பொத்தானை அழுத்திப் பார்த்து எழுதி இருக்கிறார்.

மதர்போர்டு வாங்கவில்லை. வீட்டின் பிளக்குகளைச் சோதித்த எலெக்ட்ரீஷியன், சமையல் அறையிலும் குளியல் அறையிலும் எர்த் கம்பி அறுந்து கிடப்பதாகச் சொன்னார். 12 ஆயிரத்தில் ஒரு பகுதி, புதுக் கம்பி இழுப்பதற்குச் செலவானது.